ஏழு வருடப் பயண ஸ்கெட்ச்: பையில் தங்கியதும் தங்காததும்

7 வருடமாக, போகிற இடங்களிலெல்லாம் பழைய கட்டடங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறேன். 11 ஸ்கெட்ச்புக் தீர்ந்தாயிற்று. ஆர்வத்தில் வாங்கிக் குவித்ததில் எது இன்னும் பையில் இருக்கிறது, எது அலமாரியில் தூங்குகிறது என்று ஒருநாள் எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பேனாவும் தாளும் போக ஒரே ஒரு சாமான்தான் எடுத்துப்போகலாம் என்றால், என் கை போவது பெயின்ட் பெட்டிக்கு அல்ல, மடக்கு முக்காலிக்கு.

சிரிக்கலாம். முதல் இரண்டு வருடம் அது இல்லாமல்தான் சுற்றினேன். நின்றுகொண்டு வரைவேன், கால் கடுத்தால் பக்கத்தில் கிடைக்கிற படியில் உட்காருவேன். அப்படி ஒருமுறை, நாலு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம் சூழ்ந்த ஒரு முற்றம். இடமிருந்து மூன்று வளைவுகளை நின்றபடி போட்டேன். அப்புறம் படியில் உட்கார்ந்து மீதி நான்கையும் முடித்தேன். அறைக்கு வந்து பார்த்தால் கட்டடம் நடுவில் முறிந்த மாதிரி இருக்கிறது. இடது பாதி ஒரு தரையில் நிற்கிறது, வலது பாதி வேறொரு தரையில். கோட்டில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். பிழை இருந்தது என் இடுப்பில்.

நம்மைவிட்டு விலகிப்போகும் கிடைக்கோடுகள் எல்லாம் நம் கண் மட்டத்தை நோக்கித்தான் போய்ச் சேரும். நின்றால் அந்த மட்டம் சுமார் ஐந்தடி, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் மூன்றடி சொச்சம். நாம் உட்காரும்போது தொடுவானமும் நம்மோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் இப்போது வேறு எதையும் தொடுவதற்கு முன் தாளில் லேசாக ஒரு கண் மட்டக் கோடு இழுத்துவிடுவேன். தூணைச் சுற்றியிருக்கும் வளையங்களுக்கும் அதுதான் கணக்கு: கோட்டுக்குக் கீழே இருக்கும் வளையத்தின் முன்பக்கம் கிண்ணத்தின் அடி மாதிரி கீழ்நோக்கி வளையும், மேலே இருப்பது புருவம் மாதிரி மேல்நோக்கி வளையும். கோட்டிலேயே இருக்கும் வளையம் நேர்கோடாகத் தெரியும். இது ஒன்று பிடிபட்டதும் என் தூண்களெல்லாம் நிமிர்ந்து நின்றன. முக்காலி தருவது சுகம் மட்டுமில்லை, ஒரே கண் மட்டம்.

குறையும் உண்டு. மணலிலும் ஈர மண்ணிலும் கால் உள்ளே இறங்கும். கால் நுனி ரப்பர் இரண்டாம் வருடமே தேய்ந்துபோனது. வழவழப்பான கல்தரையில் உலோகம் கீறினால் காவலர் கேட்பதற்கு முன்பே நமக்கே மனசு வலிக்கும், அதனால் ரப்பரை மாற்றிக்கொள்வது நல்லது. சில நினைவுச்சின்னங்களுக்குள் முக்காலியை விரிக்கவே விட மாட்டார்கள். அங்கே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சின்னதாக ஏதாவது வரைவேன், ஒரு கதவின் கீல், ஒரு ஜன்னல் மூலை.

அடுத்தது பேனா. லாமி சஃபாரி, மெல்லிய நிப், 6 வருடமாக அதே ஒன்றுதான். பிடிக்கும் இடத்தில் முக்கோணமாகச் சப்பையாக இருக்கும். எனக்குப் பழகிவிட்டது, விரல் அமைப்பு வேறாக இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் பேனாவைவிட மைதான் முக்கியம் என்பதை ஒரு மணிக்கூண்டைப் பலி கொடுத்துக் கற்றேன். இரண்டு மணி நேரம் செங்கல் செங்கலாகக் கோடு போட்டுவிட்டு மேலே ஈர பிரஷை ஓட்டினேன், மொத்த முகப்பும் நீலச் சேறாகிவிட்டது. சாதாரண பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரைகிற சாயம். காய்ந்தபின் கரையாமல் நிற்பது நிறமித் துகள் கலந்த மை. இப்போது பிளாட்டினம் கார்பன் மை ஊற்றுகிறேன். காய ஒரு சில நிமிடம் விட்டால் மேலே எவ்வளவு தண்ணீர் போனாலும் அசையாது. ஆனால் சோம்பேறிக்கு இது ஆகாது. மூன்று வாரம் பேனாவைத் தொடாமல் விட்டால் துகள் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது வெறும் தண்ணீரால் அலச வேண்டும். அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை இந்தப் பேனாவில் ஊற்றவே கூடாது, அது தொட்டு எழுதும் பேனாவுக்கானது.

விமானத்தில் பேனா கக்குவதும் வழக்கமான சோகம். மேலே போகப்போக கேபின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் தப்பிக்கலாம். பாதி மையோடு படுக்கவைத்ததில் எனக்கு ஒரு சட்டை போயிற்று.

தாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதில் பாதி கனமுள்ளது தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி சுருளும். பையில் அடங்குகிற அளவு ஏ5. உயரமான கோபுரத்துக்கு அந்தப் பக்கம் போதாது என்று முதலில் பெரிய புத்தகம் வாங்கினேன். கனத்துக்குப் பயந்து அறையிலேயே விட்டுவிட்டுப் போன நாட்கள்தான் அதிகம். இப்போது கோபுரம் மேலே வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

வண்ணத்துக்கு வருவோம். 24 வில்லை கொண்ட பெட்டியில் ஆரம்பித்தேன், இன்று இருப்பது 6. பழைய கட்டடம் என்றாலே கல், சுண்ணாம்பு, செங்கல், நிழல், அவ்வளவுதான். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் ஒரு சாம்பல் வரும். நீலம் தூக்கலாக இருந்தால் நிழல், பழுப்பு தூக்கலாக இருந்தால் கல். அல்ட்ராமரீன் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிப் பொரிப்பொரியாகக் காய்வதால், கல்லின் சொரசொரப்பு நாம் ஒன்றும் செய்யாமலே வந்துவிடும். பெட்டியில் கிடைக்கும் ரெடிமேட் கறுப்பைத் தொட்டே பல வருடமாயிற்று.

முதலில் நிழல், பிறகுதான் மற்றது. சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்ந்துவிடுகிறது. முகப்பு அலங்காரத்தில் மயங்கி முக்கால் மணி நேரம் போக்கிவிட்டு நிமிர்ந்தால், நாம் பார்த்து ஆசைப்பட்ட நிழல் அங்கே இருக்காது. அதனால் கட்டடத்தின் வெளிவடிவம் வந்தவுடனே நிழலின் எல்லையைப் பென்சிலால் அடைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு வெயில் எங்கே போனாலும் நான் நகர்வதில்லை.

நேரம் இல்லாத நாளில் வண்ணத்தையே விட்டுவிட்டு வார்த்தையில் குறித்துக்கொள்வேன்: ‘இங்கே பழுத்த இலை மஞ்சள்’, ‘கதவு பாசி பிடித்த பச்சை’. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832-இல் மொராக்கோ போனபோது தன் குறிப்பேடுகளில் படங்களின் பக்கத்திலேயே வண்ணங்களை எழுத்தில் குறித்துவைத்தார். ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுப்போன சுமார் 300 ஸ்கெட்ச்புக்குகளிலும் பயணத்தில் வரைந்தவை பெரும்பாலும் பென்சில் கோடுகள்தான். அவர்களே அப்படியென்றால் நான் அறைக்குப் போய் வண்ணம் பூசுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? இதை ஏற்காதவர்களும் உண்டு. 2007-இல் சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தின் முதல் கொள்கையே, இடத்திலேயே, நேரில் பார்த்து வரைவது. அந்தக் கொள்கை எனக்கும் சம்மதம்தான். கோடு இடத்தில் விழ வேண்டும், வண்ணம் எனக்கு இரண்டாம்பட்சம்.

தண்ணீரைத் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்கும் வாட்டர் பிரஷ் ஒரு காலத்தில் வரமாகத் தெரிந்தது. வானம் மாதிரிப் பெரிய பரப்பைப் பூச அது போதாது, அழுத்தினால் நடுவில் சொட்டு விழுந்துவிடும். இப்போது மூடியுள்ள சின்னக் குப்பியும் ஒரு சாதா பிரஷும்தான். ஆனால் பேருந்திலும் ரயிலிலும் வாட்டர் பிரஷ்தான் நல்லது, மறுக்கவில்லை. அருங்காட்சியகங்களுக்கு எதுவுமே வேண்டாம், ஒரு பென்சில் போதும். பல இடங்களில் மையும் ஈர வண்ணமும் உள்ளே அனுமதியில்லை.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் முதலில் பெரிய தொல்லையாகத் தெரிந்தார்கள். ஒருமுறை, ஜன்னல் வரிசை வைத்த ஒரு நீண்ட கட்டடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் வெகுநேரம் பின்னால் நின்றார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. திடீரென்று குனிந்து என் தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், ஆறு. பிறகு கட்டடத்தைக் காட்டி ஏழு விரல் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். முதல் மூன்று ஜன்னலைப் பார்த்து வரைந்திருக்கிறேன், மீதியைப் பழக்கத்தில் போட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு என் தோளைத் தட்டிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வரையத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் எண்களை எழுதுகிறேன்: வளைவு 7, தூண் 8, மாடி 3. வளைவைவிடத் தூண் ஒன்று கூடுதல் என்பதையே இப்படி எழுதும்போதுதான் கவனித்தேன்.

முக்காலியின் துணி போன பயணத்தில் ஓரம் கிழிந்துவிட்டது. தடித்த நூலால் தைத்துப் போட்டிருக்கிறேன். உட்காரும்போது இரண்டு விரல் அளவு தாழ்கிறது, கண் மட்டக் கோட்டையும் அதற்கேற்பக் கொஞ்சம் கீழே போடுகிறேன்.