ஐந்து ரிமோட், ஒரு பழைய டேப்லெட்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன்

எங்கள் ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஐந்து ரிமோட்: டிவி, செட்டாப் பாக்ஸ், டெனான் ஆம்ப்ளிஃபயர், ஃபயர் டிவி ஸ்டிக், ப்ளூ-ரே பிளேயர். சாயங்காலம் ஏழரை ஆனால் சமையலறையிலோ மாடியிலோ நான் எங்கிருந்தாலும் ஒரு குரல் வரும். "ஏங்க, சத்தம் வருது, படம் வரல." சில நாள் படம் வரும், சத்தம் வராது. நான் போய் இரண்டு பட்டனை அழுத்துவதற்குள் சீரியலில் பாதி அழுகை முடிந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தொடுதிரையில் கொண்டுவர உள்ளூர் ஹோம் தியேட்டர்காரர் ஒருவரிடம் விலை கேட்டேன். டிவியின் விலையைவிட அதிகம் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பட்டனை இடம் மாற்ற வேண்டுமென்றால்கூட அவர்தான் லேப்டாப்போடு வரவேண்டுமாம். மென்பொருள் டீலர்களுக்கு மட்டும்தானாம். முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜம்பர் வயர் இழுத்த கைக்கு அது ஒத்துவரவில்லை. லாஜிடெக் ஹார்மனி என்று ஒன்று இருந்தது, நாமே கம்ப்யூட்டரில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் 2021 ஏப்ரலிலேயே அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். சரி, நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: பேரன் தூக்கிப்போட்ட பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், அலமாரியில் ஏற்கெனவே இருந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுச் சாதனங்களை ஒன்றாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள், ரிமோட் விடும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியை அதற்குப் பதிலாக விடும் ஒரு வைஃபை பெட்டி, மின்சாரத்தை வாட்டில் அளக்கும் ஒரு ஸ்மார்ட் பிளக், டேப்லெட்டில் வேறெதுவும் திறக்காமல் பூட்டி வைக்க ஃபுல்லி கியோஸ்க் பிரவுசர். புதிதாகச் செலவானது நாலாயிரத்துக்குள். ஆனால் ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது, அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள் வீட்டுக்காரி.

முதல் ஞாயிறு முழுக்க அந்த இன்ஃப்ராரெட் பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலேயே போனது. பழைய ரிமோட்டை அதன் முன்னால் பிடித்து ஒவ்வொரு பட்டனாக அழுத்த வேண்டும், அது கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். ஒரு விஷயம் உபயோகமாக இருக்கும்: ரிமோட் நிஜமாகவே வெளிச்சம் விடுகிறதா என்று பார்க்க போனின் கேமராவை அதன் முனைக்கு நேரே காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் ஒளி திரையில் ஊதாப் பொட்டாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். ப்ளூ-ரே ரிமோட்டோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியபின் அதில் பேட்டரி செத்திருப்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த சிக்கல் செட்டாப் பாக்ஸ். தனித்தனி எண்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. ஒரே எண் அடுத்தடுத்து வரும் சேனல் மட்டும் வரவே வராது. 155 என்று அனுப்பினால் 15-க்குப் போய் நிற்கும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. பிலிப்ஸ்காரர்கள் ரிமோட்டுகளுக்கு வகுத்த ஆர்.சி.5 என்ற சிக்னல் முறையில் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு பிட் மாறும், 0 போனால் அடுத்தது 1. அது மாறாவிட்டால், விரலை எடுக்காமல் அதே பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதாகப் பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். நான் பதிவு செய்ததோ ஒரே ஒரு 5. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பிட். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை கற்றுக்கொடுத்து, மாற்றி மாற்றி அனுப்பும்படி ஸ்கிரிப்ட் (கம்ப்யூட்டருக்கான கட்டளைப் பட்டியல்) எழுதிய பிறகு 155 வந்தது.

இதைவிடப் பெரிய தலைவலி பவர் பட்டன். ரிமோட்டில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பட்டன். மனிதனுக்குக் கண் இருக்கிறது, டிவி எரிகிறதா இல்லையா என்று பார்த்து அழுத்துவான். ஸ்கிரிப்டுக்கு ஏது கண்? டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் என் 'டிவி போடு' பட்டன் அதை அணைத்துவிடும். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைன் சரியா என்று பார்க்க மறுமுனையில் யாராவது "ஹலோ" சொல்ல வேண்டும். இன்ஃப்ராரெட்டில் அந்த ஹலோ கிடையாது. கத்திவிட்டு, கேட்டிருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

டிவிக்கு வழி கிடைத்தது. ரிமோட்டில் பட்டனாக இல்லாவிட்டாலும், பல டிவிகள் ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டளைக் கோடை (code) உள்ளே ஏற்றுக்கொள்ளும். தேடினால் இணையத்தில் கிடைக்கும், பெரும்பாலும் ப்ரோன்டோ வடிவத்தில். 1998-இல் பிலிப்ஸ் விட்ட தொடுதிரை ரிமோட்டின் பெயர் அது. ரிமோட் போய்விட்டது, அது எழுதிய மொழி மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நாலு நாலு இலக்கமாக ஒரு நீளமான வரிசை. என் டிவி கோடில் ஐந்தாவதாக 0157 என்று இருந்தது. அது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை, நம் வழக்கமான எண்ணுக்கு மாற்றினால் 343. நொடிக்கு 38,000 துடிப்பு என்ற கணக்கில் 343 துடிப்பு என்றால் ஒன்பது மில்லிசெகண்ட். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ரிமோட் "கவனி" என்று கொடுக்கும் குரல் அதுதான். காகிதத்தில் கணக்குப் போட்டு அது சரியாக வந்தபோது அன்று இரவு சாப்பாடு நன்றாக இறங்கியது.

செட்டாப் பாக்ஸுக்கு அப்படித் தனிக் கோடு கிடைக்கவில்லை. ஸ்மார்ட் பிளக்கைச் செருகி வாட்டைப் பார்த்து ஆனா ஆஃபா என்று கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். ஓடும்போது 8 வாட், 'அணைத்த' பிறகு 7 வாட்! அணைக்கவும் வேண்டாம், கண்டுபிடிக்கவும் வேண்டாம் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். 24 மணி நேரமும் ஓடட்டும்.

டெனான்தான் இதில் தங்கம். அதற்கு இன்ஃப்ராரெட்டே தேவையில்லை. வீட்டு நெட்வொர்க்கில் 23-ஆம் போர்ட் என்ற வாசலில், டெல்நெட் என்ற எழுத்துவழித் தொடர்பில் போய் பி, டபிள்யூ, ஓ, என் என்று நான்கு எழுத்து அடித்து என்டர் தட்டினால் எழுந்து உட்காரும். அதோடு, எழுந்துவிட்டேன் என்று பதிலும் சொல்லும்! எம், வி அடித்து 50 என்று போட்டால் வால்யூம் 50. அதன் கணக்கில் 80 என்பது பூஜ்யம் டெசிபல், ஆக 50 என்றால் மைனஸ் 30. யாராவது ஆம்ப்ளிஃபயரின் குமிழியை நேரே திருகினாலும் என் திரையில் எண் மாறும். ஹோம் தியேட்டருக்குப் புதிதாக எதையாவது வாங்கப் போகிறவர்கள், வாட்ஸையும் சேனல் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன்னால், இது நெட்வொர்க்கில் பதில் சொல்லுமா என்று கேளுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் புளூடூத், அதனால் இன்ஃப்ராரெட் பெட்டி அதனிடம் ஒன்றும் செய்ய முடியாது. டெவலப்பர் அமைப்பில் ஏ.டி.பி. என்ற, வெளியிலிருந்து கட்டளை ஏற்கும் வசதியைத் திறந்துவிட்டு, திரையில் கேட்கும் அனுமதியை ஒருமுறை கொடுத்தால் வைஃபை வழியாக வேலை நடக்கும்.

அப்புறம் திரை. முதலில் ஐந்து ரிமோட்டின் எல்லாப் பட்டனையும் வண்ண வண்ணமாக அடுக்கினேன், மொத்தம் அறுபதுக்கு மேல். எனக்கு ரொம்பப் பெருமை. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இது என்ன, கரண்ட் ஆபீஸ் போர்டா?" என்று கேட்டாள். கடைசியில் முதல் பக்கத்தில் நின்றது நான்கே நான்கு: டிவி, படம், பாட்டு, எல்லாம் அணை. எல்லாம் தமிழில், கறுப்புப் பின்னணியில் மங்கலான எழுத்து. இருட்டில் படம் பார்க்கும்போது வெள்ளைத் திரை கண்ணைக் குத்தும். 'படம்' என்று தொட்டால் டிவிக்கு ஆன் கோடு போகும். ஏழு நொடி காத்திருக்கும், ஏனென்றால் தூக்கத்திலிருந்து எழுந்து முடிக்கும்வரை என் டிவி எதையும் காதில் வாங்காது. அதற்குள் டெனான் எழும், ஒரு நொடி விட்டு இன்புட் மாறும், வால்யூம் 45-க்கு வரும்.

அம்மாவுக்கு எண்பத்தி நான்கு வயது. அவர் தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. "ஏம்ப்பா, இது நான் சொன்னா கேக்க மாட்டேங்குதே" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காரணம். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருக்கும், தொடுதிரைக்கு அது சரியாகப் படாது. படும்போதோ, காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். ஹோம் அசிஸ்டன்டில் தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிடித்தவுடன் விவர ஜன்னல் ஒன்று திறந்துகொள்ளும். தட்டினாலும் பிடித்தாலும் ஒரே வேலை என்று அமைப்பில் ஒரு வரியை மாற்றி, பட்டனை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினேன். இப்போது அம்மாவே போடுகிறார்.

குறைகள் உண்டு. கரண்ட் போய் வந்தால் ரௌட்டரும் ராஸ்பெரி பையும் எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆகும், அதுவரை அது வெறும் கண்ணாடி. டேப்லெட்டை இரவும் பகலும் சார்ஜிலேயே வைத்திருந்தேன், ஐந்தாம் மாதம் முதுகு அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பேட்டரி மாற்றியபின் ஸ்மார்ட் பிளக்கைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கி இதற்கு வைத்துவிட்டேன்: 30 சதவீதத்தில் சார்ஜ் தொடங்கும், 80-இல் நிற்கும். இதை முதல் நாளே செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் உழைப்புக்கே எதிரானதுதான். வால்யூமுக்குத் தொடுதிரை லாயக்கில்லை. சண்டைக் காட்சியில் திடீரென்று சத்தம் எகிறும்போது, திரையை எழுப்பி, பட்டன் எங்கே என்று கண்ணால் தேடுவதற்குள் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்துவிடும். ரப்பர் பட்டன் என்றால் கட்டைவிரலே கண்டுபிடித்துவிடும். அதனால் டின்னிலிருந்து டெனான் ரிமோட் மட்டும் வெளியே வந்து சோஃபா கைப்பிடியில் குடியேறிவிட்டது. மற்ற நான்கும் பேட்டரி கழற்றி உள்ளேயே கிடக்கின்றன.

போன மாதம் ஐந்தாவது பட்டன் ஒன்று சேர்த்தேன், வீட்டுக்காரி கேட்டு. தொட்டால் வால்யூம் நேராக 35-க்கு இறங்கும். பெயரும் அவளே வைத்தாள்: 'போதும்'. நான் படம் பார்க்கும்போது அவள் சமையலறையிலிருந்து தன் போனிலேயே அதை அழுத்துகிறாள்.