அமுக்கரா: சூரணமா, அரிஷ்டமா, கேப்சூலா?

செங்கோட்டையில் நாட்டு மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. மலையேறி கேரளத்து ஆரியங்காவு தாண்டிவிட்டால் ஆயுர்வேதக் கடைக்கும் பஞ்சமில்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. ஒரே வீட்டில் அப்பா சித்த வைத்தியரிடமும் அம்மா புனலூர் வைத்தியரிடமும் போவது இங்கே சாதாரணம். அதனால் 'ராத்திரி தூக்கம் வரல, உடம்பெல்லாம் அசதி' என்று சொல்லிப் பாருங்கள், மூன்று பேர் மூன்று விதமான அமுக்கராவை, அதாவது அசுவகந்தாவைக் கொண்டுவந்து வைப்பார்கள்: பாலில் கலக்கிற சூரணம், மலைக்கு அந்தப் பக்கத்து அசுவகந்தாரிஷ்டம், போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வருகிற கேப்சூல்.

எல்லாம் ஒரே கிழங்குதானே என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மதினி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். யாரோ சொன்னார்கள் என்று கேப்சூல் வாங்கி ஒன்றரை மாதம் சாப்பிட்டார். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். ரத்தம் சோதித்தபோது தைராய்டு அளவு ஏறியிருந்தது. கேப்சூலை நிறுத்தச் சொன்னார் டாக்டர். அடுத்த சோதனையில் அளவு இறங்கிவிட்டது. காரணம் அதுதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும் என்பது ஆய்வுகளிலும் பதிவான விஷயம். அதற்குப் பிறகுதான் மூன்றையும் லேபிளோடு எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சூரணம். 'அமுக்கரா சூரணம்' என்று கடையில் கேட்டால் கிடைப்பது வெறும் அமுக்கராத் தூள் அல்ல. பாரம்பரியச் செய்முறையில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும். மொத்தம் 255 பங்கு. கூட்டிப் பார்த்தால் அமுக்கரா கால்வாசிதான், பாதி சர்க்கரை! நல்ல கடைக்காரர் என்றால் 'அண்ணாச்சி, சுகர் உண்டா?' என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை எடுப்பார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சூரணத்தை விட்டுவிட்டு, சுத்தி செய்த அமுக்கராவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பானையில் பாலை ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் பொடியை வைத்துப் பிட்டுபோல ஆவியில் அவித்து, காயவைத்து மறுபடி இடிப்பதுதான் சுத்தி. இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் மருந்தின் வேகம் மட்டு. சாதாரண வேர்த்தூளில் வித்தனோலைடு என்கிற சத்து பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு.

அடுத்து அரிஷ்டம். இதன் ருசியும் மணமும் எனக்குப் பிடிக்கும், மறைக்க வேண்டியதில்லை. அமுக்கராவோடு நிலப்பனை, மஞ்சள், அதிமதுரம், மருதம்பட்டை, சிவதை என்று இருபதுக்கு மேல் சரக்கு சேர்த்துக் கஷாயம் வைத்து, தேனும் தாதகிப்பூவும் போட்டு நொதிக்க விடுகிறார்கள். நொதிப்பதால் அதிலேயே சாராயச் சத்து ஊறும். அரிஷ்ட பாட்டில்களில் 5 முதல் 10 சதவீதம் வரை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு வேளைக்கு 15, 25 மில்லிதானே என்று தோன்றும். ஈரல் கெட்டவருக்கும், குடியை விட்டு மீண்டு வருகிறவருக்கும் அந்த அளவுகூட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு இதுவும் ஆகாது. தவிர, இத்தனை சரக்கு சேர்ந்த மருந்தில் குணம் கண்டாலும் கெடுதல் கண்டாலும் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி கேப்சூல். நியாயமாகச் சொன்னால், ஆய்வு பலம் அதிகம் இதற்குத்தான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மன அழுத்தம் உள்ள 64 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வேர்ச்சாறு கேப்சூல் 300 மில்லிகிராம் தினம் இருவேளை, 60 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று கேப்சூல். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அழுத்தமும், ரத்தத்தில் கார்ட்டிசோல் என்கிற மன அழுத்த ஹார்மோனும் கணிசமாகக் குறைந்தன. தூக்கத்துக்கும் ஓரளவு பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள், இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. வருடக் கணக்கில் சாப்பிடலாம் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

கேப்சூலின் பலம்தான் அதன் ஆபத்தும். 5 சதவீத வித்தனோலைடு என்று செறிவாக்கி அடைத்ததை, பாலில் கலந்த தூளுக்குச் சமமாக எண்ணக் கூடாது. 2020இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக 5 பேருக்கு வந்த ஈரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, அரிப்பு. நிறுத்திய பின் மெல்லத் தேறினார்கள். கேரளத்து ஈரல் மருத்துவர்கள் முன்னின்று எழுதி 2023இல் வந்த கட்டுரை இன்னும் கவலை தருகிறது. அமுக்கரா மட்டுமே சாப்பிட்ட 8 பேரைப் பற்றியது அது. அதில் 5 பேருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது. அவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிற மருந்தில் இது அபூர்வம்தான். ஆனால் தனக்கு ஈரலில் கொழுப்போ சுருக்கமோ இருக்கிறது என்று தெரியாமலே நடமாடுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2023இல் டென்மார்க் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. தடை வரை நான் போகமாட்டேன்.

கேப்சூல் டப்பாவில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது சட்டப்படி உணவுப் பொருள், மருந்தாக உரிமம் பெற்றதல்ல. இரண்டு, வேர் மட்டுமா, இலையும் சேர்த்ததா. இலையில் வித்தாஃபெரின்-ஏ என்கிற, செல்களைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள் அதிகம். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் உற்பத்தியாளர்களுக்கு எழுதியது.

சரி, நான் எதை எடுப்பேன்? சர்க்கரையோ தைராய்டோ ஈரல் நோயோ இல்லாத ஒருவருக்கு வேலைப் பளுவால் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால், சுத்தி செய்த அமுக்கராப் பொடியை ஒரு சித்த மருத்துவர் சொல்லும் அளவில், ஒரு மாதம், பாலோடு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனால் அரசு மருத்துவர்களே பார்த்துச் சொல்வார்கள். அரிஷ்டம் எனக்கு இரண்டாவது, அதுவும் வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்தால். கேப்சூல் கடைசி, சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் ஈரல் சோதனை செய்துகொண்டு. கர்ப்பிணிகளுக்கு மூன்றும் வேண்டாம். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, இதில் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

எதைச் சாப்பிட்டாலும் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். 'வேறென்ன மருந்து சாப்பிட்டீங்க?' என்று கேட்டால், நாட்டு மருந்துதானே என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். என் மதினியும் முதல் தடவை சொல்லவில்லை.