வெளிச்சத்தில் கிருமி கொல்லும் ஃபிலிம்: கைப்பிடியில் ஒட்டிப் பார்த்தேன், 2/5

என் மனைவி வீட்டு முன்னறையில் ரத்தப் பரிசோதனைக்கு சாம்பிள் எடுக்கிறார். காலை ஆறு மணியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதவுக் கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும், அதனால் ‘வெளிச்சம் பட்டாலே போதும், துடைக்கவே வேண்டாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் 799 ரூபாய்க்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

சரக்கு டூப் இல்லை. டைட்டானியம் டைஆக்சைடு கலந்த பிளாஸ்டிக் ஃபிலிம். புற ஊதா ஒளி பட்டால், காற்றில் இருக்கும் ஈரத்தையும் ஆக்சிஜனையும் வைத்தே வீரியமான மூலக்கூறுகளை உண்டாக்கி பாக்டீரியாவின் மேலுறையை அரித்துவிடும். 1972-ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியை வைத்துத் தண்ணீரைப் பிரித்துக் காட்டியது இதே பொருளில்தான்.

ஆனால் அதற்கு அலைநீளம் சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி, அதாவது புற ஊதா ஒளி வேண்டும், வீட்டு எல்இடி பல்பில் அது கிட்டத்தட்ட கிடையாது. எங்கள் கதவோ நடைக்குள் இருக்கிறது. அதைவிட வேடிக்கை, கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறோம் என்று கொஞ்சம் கவனியுங்கள்: நாலு விரலும் மடங்கிப் பதிவது பின்பக்கத்தில், கதவைப் பார்த்த பக்கத்தில். அங்கே பட்டப்பகலிலும் நிழல்தான். அட்டையில் 99.9% என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே எறும்பு எழுத்தில் ஐஎஸ்ஓ 27447 என்ற சர்வதேசத் தர எண். அது புற ஊதா விளக்கில் செய்யும் சோதனை. உட்புற வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 17094 என்று தனியாக இருக்கிறது, வாங்குவதாக இருந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள். அதிலும் கிருமி சாக மணிக்கணக்கில் ஆகும், எங்களுக்கு அடுத்த ஆள் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறார்.

மிச்சத்தில் ஒரு துண்டை மேற்கு ஜன்னல் தாழ்ப்பாளில் ஒட்டினேன். நல்ல வெயில் படும் இடம். மூன்று மாதத்தில் தேய்த்தால் விரலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. கிருமியை அரிக்கிற வேலையை அது தன்னைத் தாங்கும் பிளாஸ்டிக்கிடமும் காட்டுகிறது! பழைய வெள்ளை பெயின்ட் கையில் ஒட்டுவதும் இப்படித்தான்.

சாயம் கலந்த வகை வந்தால் மறுபடி யோசிப்பேன். 2014-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கிரிஸ்டல் வயலெட், மெத்திலீன் புளூ சாயங்களையும் தங்க நானோ துகள்களையும் சிலிக்கோனில் ஏற்றி, சாதாரண வெள்ளை ஒளியிலேயே கிருமியைக் கொன்று காட்டினார்கள், இருட்டிலும் ஓரளவு வேலை செய்ததாம். கிரிஸ்டல் வயலெட் என்றதும் மனைவிக்குச் சிரிப்பு. “பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்ல பாக்க கிராம் ஸ்டெயின்னு ஒண்ணு போடுவோமே, அதுக்கு ஊத்துற ஊதா சாயம்ங்க அது, கைப்பிடி பூரா கத்திரிக்காய் கலர்ல இருக்கும்” என்றார்.

ஓரம் சுருண்டு, பசையில் முடியும் தூசியும் அப்பிக்கொண்டதால் போன வாரம் அவரே உரித்துவிட்டார். பிசுபிசுப்புப் போகத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது பழையபடி ஸ்பிரிட்டும் பஞ்சும்தான்.