டூல் இரவல் கொடுக்கும் கார் நண்பர்களுக்கு: கேபிள் தேயாது, தீர்ந்துபோகும்

கோவை, திருப்பூர் பக்கம் ஸ்கோடாவோ ஃபோக்ஸ்வேகனோ வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பானெட்டைத் திறக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரிஜினல் விசிடிஎஸ் கேபிள் இருந்தால் அதை இரவல் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு நாள் என்று கேட்டாலும் சரி, ரொம்பத் தெரிந்தவர் கேட்டாலும் சரி.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் இதைச் சொருகி லேப்டாப்பில் இணைத்தால் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் என எல்லா கன்ட்ரோல் யூனிட்டுகளோடும் பேசலாம். ஃபால்ட் கோடு (வண்டி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) படிக்கலாம், அழிக்கலாம், கோடிங் (யூனிட்டுகளின் அமைப்பு) மாற்றலாம். இப்போதைய கேபிள்கள் 3 வண்டிக்கு, 10 வண்டிக்கு, வரம்பே இல்லாமல் என்று தனித்தனியாக விற்கப்படுகின்றன. வரம்பில்லாதது பட்டறைக்காரர்களுக்கான விலை. என்னைப் போன்றவர்களுக்கு 10 வண்டிக் கேபிளே தாராளம். ஒரு புது வண்டியில் வேலை செய்தால் அதன் 17 இலக்க சேசிஸ் எண் கேபிளுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது, வண்டியை விற்றுவிட்டாலும்.

என் கேபிளில் இருந்தது என்னுடைய ஸ்கோடா லாராவும் மைத்துனரின் ஃபோக்ஸ்வேகன் போலோவும் மட்டும்தான்.

கேட்டவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்திப்புகளுக்குத் தவறாமல் வருகிறவர். அவினாசி ரோட்டில் டீ குடித்தபடி டர்போ பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். "அண்ணா, போலோவுல ஏர்பேக் லைட் எரியுதுங்க. ஒருக்கா பாத்துட்டு நாளைக்கே தந்துடறேனுங்க" என்றார். எத்தனை வண்டி வரம்பு என்பதைச் சொல்லித்தான் கொடுத்தேன். நாளைக்கு என்பது அடுத்த வாரம் ஆனது, வெளியூரில் இருக்கிறேன் என்று ஆனது, கடைசியில் போனையே எடுக்காமல் போனது. இரண்டு மாதம் கழித்து வேறொரு பையன் கையில் கேபிள் வந்து சேர்ந்தது. உறை, பெட்டி எல்லாம் பத்திரம். என் வண்டியில் சொருகினேன், வேலை செய்தது. செய்யாமல் எப்படி இருக்கும்? என் வண்டி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதே.

கதை வெளியே வந்தது ஒரு ஸ்கோடா ஆக்டேவியாவால். திருப்பூரிலிருந்து ஒருவர், பழைய கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று நண்பர் ஒருவர் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். கேபிளைச் சொருகினேன். புது வண்டியைப் பதிவு செய்யட்டுமா என்று சாஃப்ட்வேர் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை, நேராக உள்ளே போனது. சந்தேகப்பட்டுப் பட்டியலைத் திறந்தால் பத்து இடமும் நிரம்பியிருக்கிறது. அதில் ஒன்று இந்த ஆக்டேவியாவின் எண். அந்த மனிதரையோ அவர் வண்டியையோ நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

விசாரித்ததில் அவருக்கு நினைவு வந்தது. விற்ற புரோக்கர், "கம்ப்யூட்டர் செக்கப் பண்ணித்தான் தர்றோம்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்து தருகிறவர் ஒருவர் இருக்கிறாராம், வண்டிக்கு 800 ரூபாயாம். பெயரைக் கேட்டேன். நம்ம டர்போ தம்பிதான்.

நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "கேபிள் தேஞ்சா போச்சுங்கண்ணா?" வரம்பு இருப்பது தெரியாது என்று முதலில் சாதித்தார். முதல் புது வண்டியிலேயே சாஃப்ட்வேர் கேட்டிருக்குமே என்றதும் பேச்சு மாறியது. வரம்பில்லாத கேபிளாக மாற்றத் தயாரிப்பாளருக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தருகிறேன் என்றார். இதுவரை தரவில்லை.

சட்டமும் பார்த்தேன். காசு வாங்காமல் கொடுத்த இரவலும் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள் வரும். பேசிய காரியத்தை மீறி வேறு விதமாகப் பயன்படுத்தி, அதனால் பொருளுக்குச் சேதம் வந்தால் வாங்கியவர்தான் ஈடு செய்ய வேண்டும் என்கிறது 154-வது பிரிவு. அதனால்தான் "உங்கள் போலோவுக்கு மட்டும்" என்ற ஒரு வரி வாட்ஸ்அப்பில் இருப்பது முக்கியம். என்னிடம் இருக்கிறது. வழக்குப் போடும் அளவுக்குத் தொகையா என்பது வேறு விஷயம்.

இதைச் சொல்லத் தொடங்கியதும் சந்திப்பில் ஆளாளுக்கு ஒரு கதை எடுத்துவிட்டார்கள். பொருள் திரும்பாத கதைகளைவிடத் திரும்பி வந்த கதைகள்தான் மோசம். ஒருவருடைய 1.9 டிடிஐ டீசல் எஞ்சினுக்கான டைமிங் லாக் செட் வளைந்த பின்னோடு (பூட்டும் ஊசி) வந்திருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றும்போது கிராங்க், கேம் ஷாஃப்டுகள் நகராமல் இருக்கத்தான் அந்தப் பின். போல்ட்டைக் கழற்றும்போது முட்டுக்கொடுக்க அல்ல, அதற்கு வேறு டூல் இருக்கிறது. வளைந்த பின்னை நம்பி டைமிங் வைத்து, ஒன்றிரண்டு பல் தள்ளிப்போனால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், ஹெட் போகும்.

டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) இன்னும் கள்ளத்தனமானது. அதைத் துருப்பிடித்த ஹப் நட்டைக் கழற்றுகிற கம்பியாக்கி, பைப் மாட்டி மிதித்திருந்தாலும் வெளியே ஒரு கீறல் தெரியாது. உச்ச அளவில் வைத்தபடியே பல மாதம் போட்டிருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளரும். அதன்பின் முன்கூட்டியே கிளிக் சத்தம் வரும், நீங்கள் முறுக்கியது சரி என்று நம்புவீர்கள், போல்ட் லூசாக இருக்கும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி, தயாரிப்பாளர் வேறு கணக்கு சொல்லாவிட்டால், 12 மாதத்துக்கோ 5000 கிளிக்குக்கோ ஒருமுறை கேலிபரேஷன் (அளவு சரியா என்ற சோதனை) பார்க்க வேண்டும். இரவல் போய் வந்ததென்றால் நான் அந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டேன், நேராக லேபுக்குத்தான்.

சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் காயில் ஸ்பிரிங் கம்ப்ரெஸரை மட்டும் கொடுக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இம்பாக்ட் கன் வைத்து முறுக்கி மரை தேய்ந்த ஒன்று, அழுத்தி வைத்த ஸ்பிரிங்கோடு நழுவினால் தாடை உடையும், உயிரும் போகலாம். உங்கள் டூலில் தெரிந்த குறையைச் சொல்லாமல் கொடுத்திருந்தால், அதே சட்டத்தின் 150-வது பிரிவு பொறுப்பை உங்கள் தலையிலும் வைக்கிறது.

அமெரிக்காவில் ஆட்டோசோன் கடைகளில் இப்படிப்பட்ட டூல்களை முன்பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள், திருப்பித் தந்தால் பணமும் திரும்பிவிடும். நம் ஊரில் நண்பரிடம் முன்பணம் கேட்டால் மூஞ்சி தூக்கிக்கொள்வார். நான் இப்போது சொல்வது ஒன்றுதான்: டூல் வராது, வண்டியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். உண்மையான தேவை உள்ளவர்கள் வருகிறார்கள்.

இந்தப் பக்கம் பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வாங்காதீர்கள். எரிந்து அணைந்தாலும், ஃபால்ட் கோடை மட்டும் அழித்திருக்கலாம். அந்த ஆக்டேவியாவில் கோளாறு சீட்டுக்கு அடியில் லூசாகிப்போன மஞ்சள் கனெக்டர்தான். அதைத் தொடாமல் கோடை அழித்து விற்றிருக்கிறார்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, புரோக்கர் கூட்டி வருகிற ஆளை விட்டு, நீங்களே வேறு ஆள் வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.