பாம்புப் பெட்டிக்குச் சூடு வைப்பது: நான்கு வகை ஹீட்டரும் பயன்படுத்திப் பார்த்த பிறகு

வீட்டில் ஒரு பால் பைத்தானும் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒரு கார்ன் ஸ்நேக்கும் (நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு) இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. சில ஆண்டுகளாக ஹீட் மேட், செராமிக் ஹீட்டர், டீப் ஹீட் புரொஜெக்டர், ஹாலஜன் பல்பு என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தியாகிவிட்டது. புதிதாகப் பாம்பு வளர்க்க வருகிறவர்கள் எல்லோரும் "எந்த ஹீட்டர் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஹீட்டரை எது கட்டுப்படுத்துகிறது, அதன் சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சென்சார் சரியான இடத்தில் இருந்தால் சுமாரான ஹீட்டரை வைத்தும் ஓட்டிவிடலாம். அது தவறான இடத்தில் இருந்தால் எவ்வளவு உசத்தியான ஹீட்டரும் ஆபத்துதான்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. (அடைகாக்கும்போது தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கும் சில மலைப்பாம்புகள் உண்டு; அது தனிக் கதை.) அதனால் பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும், எங்கே, எவ்வளவு நேரம் கிடப்பது என்பதைப் பாம்பே பார்த்துக்கொள்ளும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு 29 முதல் 31, மறுபுறம் 22 முதல் 25. இரவில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் கவலை வேண்டாம். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு மறைவிடம் வைப்பது கட்டாயம். குளிர்ந்த பக்கம் மட்டும் மறைவிடம் இருந்தால் பாம்பு பயத்தில் அங்கேயே சுருண்டு கிடக்கும். நீங்கள் செலவழித்து உண்டாக்கும் சூடு அதற்குப் போய்ச் சேராது.

ஹீட் மேட்டில் இருந்து தொடங்குகிறேன். மெல்லிய தகடு, மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும், பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் வைத்தால் போதும். கார்ன் ஸ்நேக் குட்டியாகச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் இருந்த காலத்தில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மேட் தரையைச் சூடாக்குமே தவிர பெட்டிக்குள் இருக்கும் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. அறை குளிராக இருந்தால், பெரிய கண்ணாடித் தொட்டியில் அதை மட்டும் நம்ப முடியாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பினால் அது போர்வை போலச் சூட்டை அடியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் வெதுவெதுப்பு. அடியில் கண்ணாடி 45 டிகிரிக்கு மேல் போயிருக்கும். பாம்பு "சூடு போதவில்லை" என்று தோண்டிக்கொண்டு கீழே போகும். வயிறு சுடுகிற இடத்தில் இருந்து அது நாம் எதிர்பார்க்கிற வேகத்தில் விலகாது. வயிற்றுச் செதில்கள் சிவந்து, பிறகு கொப்பளித்துப் பழுப்பாகும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. கையை வைத்துப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் உள்ளங்கையே ஏறத்தாழ 33 டிகிரியில் இருக்கிறது. 38 டிகிரியும் நமக்கு இதமாகத்தான் படும். தெர்மோஸ்டாட் (சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத மேட்டை எந்த நிலையிலும் வைக்காதீர்கள். செருகினால் சுடும் செயற்கைப் பாறை ஒன்று விற்பார்கள். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாங்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டில் மூன்று ரகம். ஆன்-ஆஃப் ரகம் மேட்டுக்குப் போதும். செட் செய்த அளவுக்கு மேலும் கீழும் ஓரிரு டிகிரி ஊசலாடும், அவ்வளவுதான். செராமிக்குக்கும் டீப் ஹீட் புரொஜெக்டருக்கும், மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாக விடும் பல்ஸ் ரகம் நல்லது. ஹாலஜனுக்கு, மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் ரகம் வேண்டும். ஆன்-ஆஃபில் மாட்டினால் பல்பு நாள் முழுக்க அணைந்து அணைந்து எரியும், பாம்பும் மிரளும், பல்பும் சீக்கிரம் போய்விடும்.

இனி சென்சார். மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெளிப்பக்கமாக, மேட்டின் நடுப்பகுதியில் நான் வைத்திருக்கிறேன். உள்ளே தரைமட்டத்தில் வேறொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். உள்ளே 32 வர வேண்டும் என்றால் வெளியே 35 அல்லது 36-ல் செட் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டாம். வெளியே இருப்பது கட்டுப்படுத்துவதற்கு, உள்ளே இருப்பது பாம்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்கு.

மேலே தொங்கும் ஹீட்டருக்குச் சென்சாரை உள்ளே வைத்தே ஆக வேண்டும். அதில்தான் தலைவலி. பைத்தான் இரவில் மூக்கால் நெம்பாத பொருள் கிடையாது. ஒரு முறை சென்சார் வயரைப் பிடியில் இருந்து உருவித் தண்ணீர்க் கிண்ணம் வரை தள்ளிக்கொண்டு போயிருந்தது. காலையில் பார்த்தால் சென்சார் முனை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. தெர்மோஸ்டாட் திரையில் 24. பெட்டி குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அது செராமிக்கை முழு வேகத்தில் ஓடச் சொல்லியிருக்கிறது. பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், அதே மின் இணைப்பில் இரண்டாவதாக ஒரு ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் இருந்தது. அதன் சென்சார் பாம்புக்கு எட்டாத உயரத்தில், மூடியை ஒட்டி இருக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில் வரும் சூட்டைவிடச் சில டிகிரி கூட்டி வைத்திருக்கிறேன். முதலாவது ஏமாந்த இரவில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. இருப்பதிலேயே மலிவான ரகம்தான் அது. ஆனால் என்னிடம் உள்ள சாதனங்களில் முதல் இடம் அதற்குத்தான் கொடுப்பேன்.

சென்சாரைப் பொருத்த செலோடேப் போன்ற எந்த ஒட்டும் டேப்பையும் பெட்டிக்குள் பயன்படுத்தாதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது தோலும் செதிலும் சேர்ந்தே கிழியும். திருகி மாட்டும் வயர் கிளிப் போதும்.

செராமிக் ஹீட்டர் வெளிச்சம் தராது, அதனால் இரவிலும் ஓடலாம், காற்றையும் சூடாக்கும். அதன் பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால் பீங்கான் ஹோல்டரும், சுற்றிக் கம்பிக் கூண்டும் அவசியம். பைத்தான் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு ஏறும் பிராணி, மறந்துவிடாதீர்கள். இதன் பெரிய குறை, ஈரப்பதத்தை உறிஞ்சிவிடுவது. பால் பைத்தானுக்கு 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் வேண்டும். வலை மூடியுள்ள தொட்டியில் செராமிக்கை ஓடவிட்டபோது அது 40-க்கும் கீழே போனது. சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக வந்தது. ஹீட்டரைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்ச வலையின் பெரும்பகுதியை அக்ரிலிக் தகட்டால் மூடி, நார்த்தூளின் அடிப்பகுதியில் தண்ணீர் ஊற்றி வந்த பிறகு சரியானது. பிறகு பிவிசி பெட்டிக்கு மாறியதும் இந்தத் தொல்லையே இல்லை. சூடும் ஈரமும் இரண்டும் அதில் நிற்கின்றன.

டீப் ஹீட் புரொஜெக்டரும் வெளிச்சம் தராது. செராமிக்கைவிடச் சூடு உடலுக்குள் இறங்குகிறது என்பதால் இப்போது இரவுக்கு அதுதான். பகலுக்கு ஹாலஜன். வெயிலின் சூட்டோடு ஒப்பிடத் தகுந்தது இதுதான். அதில் வரும் ஐஆர்-ஏ என்ற அகச்சிவப்புக் கதிர் தோலைத் தாண்டித் தசைவரை போகிறது. பைத்தான் இரவாடி, பகலில் வெளியே வராது என்பார்கள். ஹாலஜன் வந்த பிறகு என்னுடையது மறைவிடத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டிக் காய்கிறது. இரவில் சிவப்பு பல்பு போட்டால் பாம்புக்குத் தெரியாது என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். இரவு இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அளக்கும் கருவிகள் பற்றி: கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் பெரும்பாலும் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டுகிறது. தூக்கிப் போடலாம். அகச்சிவப்புத் துப்பாக்கி மறைவிடத்தின் மேற்பரப்பை நொடியில் அளக்க அருமையானது, ஆனால் கதவைத் திறந்துதான் அளக்க வேண்டும். மூடிய கண்ணாடி வழியாகப் பிடித்தால் உள்ளே இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியின் சூட்டைச் சொல்லும்.

மீட்டரோடு பாம்பையும் கவனியுங்கள். இரை எடுக்காத நாட்களிலும் சூடான முனையை விட்டு நகராமல் இருந்தால் பெட்டி குளிர்ந்து கிடக்கலாம். எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் சூடு அதிகமாக இருக்கலாம், அல்லது உண்ணி பிடித்திருக்கலாம், இரண்டையும் பாருங்கள். விழுங்கிய எலியை ஒன்றிரண்டு நாளில் கக்கினால் முதல் சந்தேகம் சூடு குறைவு. வாயோரம் நுரை, மூச்சில் சீறல் சத்தம் என்றால் ஹீட்டரோடு விளையாடிக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மின்சாரம் போனால் பதற வேண்டாம். ஆரோக்கியமான வளர்ந்த பாம்பு சில மணி நேரம் 20 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் தாக்குப்பிடிக்கும். காற்றுக்கு வழி விட்டுப் பெட்டியைப் போர்வையால் மூடி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு முனையில் வைத்தால் போதும். வயிற்றில் இரை இருக்கும் பாம்புதான் கவலைக்குரியது. மின்வெட்டு இருக்கும் என்று முன்பே தெரிந்தால் இரை போடுவதைத் தள்ளிவையுங்கள்.

கடைசியாக, மாதம் ஒரு முறை நான் செய்யும் சோதனை. தெர்மோஸ்டாட்டை 28-க்கு இறக்கிவிட்டுச் சென்சார் முனையை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிப்பேன். எண் ஏறி 28-ஐத் தாண்டியதும் ஹீட்டர் நிற்க வேண்டும். இரண்டு தெர்மோஸ்டாட்டையும் இப்படித் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்படியே மேட்டில் வயர் சேரும் இடம் பழுப்பேறியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. நிற்காத தெர்மோஸ்டாட்டையும் பழுப்பேறிய மேட்டையும் அன்றைக்கே கழற்றிவிடுவேன், புதிது வரும்வரை வெந்நீர் பாட்டில்தான்.