மரத்தரை போடக் கொடுப்பவர்களே, ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் சுவரோரத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் போட்ட எஞ்சினியர்டு மரத்தரை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. கூடத்தின் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கிறது. படுக்கையறையில் ஒவ்வொரு பலகைக்கும் இரு விளிம்பும் உயர்ந்து நடு குழிந்துவிட்டது. வெறுங்காலில் நடந்தாலே உறுத்துகிறது. பலகையை விற்று, போடுவதற்கு ஆளையும் அனுப்பிய கடை, "உங்கள் வீட்டு ஈரத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கைகழுவிவிட்டது. அந்த ஈரத்தை அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டியவர்களே அவர்கள்தான்!

பலகையில் குறை இல்லை. மேலே அசல் மரத்தின் மெல்லிய ஏடு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ப்ளைவுட். இப்படி அடுக்கியிருப்பதால் முழுமரத்தைவிடக் குறைவாகவே விரிந்து சுருங்கும். குறைவாகத்தானே தவிர, விரியவே விரியாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னது பொய். கிளிக் முறையில் பலகையைத் தரையோடு ஒட்டுவதோ ஆணி அடிப்பதோ இல்லை. ஒன்றின் நாக்கு மற்றொன்றின் காடியில் பூட்டிக்கொள்ள, அறை முழுவதும் ஒரே விரிப்பாகக் கிடக்கும். அது விரிவதற்காகச் சுவரைச் சுற்றி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அதைச் சுவரடியில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.

மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. கூடத்தில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றியபோது பலகை சுவரோடு இறுகி நின்றது. கத்தி முனைகூட நுழையவில்லை. கதவு நிலைகளில் இன்னும் மோசம். நிலையின் அடியைச் சற்று அறுத்துப் பலகையை உள்ளே செருகியிருக்க வேண்டும். இவர்களோ முட்ட முட்ட வெட்டி வைத்து, மேலே சிலிக்கோன் பசை பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறிப் பலகை விரிந்தபோது மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

படுக்கையறையில் நடந்தது சுத்தமான ஏமாற்று. வேறொரு தச்சரை வைத்துச் சில பலகைகளைப் பெயர்த்தோம். கான்கிரீட் கறுத்து ஈரமாக இருந்தது. பலகையின் அடிப்பக்கம் பூஞ்சை. ஈரம் மேலே ஏறாமல் தடுக்க 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு போட்டதாக ரசீதில் தனி வரியாக எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே பாலித்தீனே இல்லை. நுரை விரிப்பு மட்டும் இருந்தது, அதுவும் ஓரிடத்தில் இரண்டு மடிப்பாக. தரையில் பள்ளம் இருந்த அந்த இடத்தில் சமன்செய்யும் கலவை ஊற்றாமல் நுரையை மடித்து வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். மிதிக்க மிதிக்கப் பலகை அமுங்கி, நாக்கு முறிந்துபோயிருந்தது. 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது என்று பெட்டியிலிருந்த குறிப்புத்தாளே சொல்கிறது.

இனி போடப்போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கான்கிரீட்டின் ஈர அளவை எழுத்தில் கேளுங்கள். எங்களிடம் கடை நீட்டிய உத்தரவாதத் தாளில், ஈரம் அளந்த பதிவு இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பலகைப் பெட்டிகள் பிரிக்கப்படாமல், போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரமாவது கிடக்கட்டும். பாலித்தீன் விரித்ததும், அதன் மேல் நுரை வருவதற்குள் படம் எடுத்துவிடுங்கள். ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் அறையைச் சுற்றி வந்து, கதவு நிலை, குழாய் உட்பட எல்லா இடத்திலும் இடைவெளியைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். விற்பவரும் போடுபவரும் வேறு வேறு ஆள் என்றால், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எங்களிடம் ஒரே கடை என்று சொல்லி விற்றவர்கள், சிக்கல் வந்ததும் "அவர் தனி ஒப்பந்தக்காரர்" என்று நழுவினார்கள்.

படங்களையும் ரசீதையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். சலுகை விலையில் புதுப் பலகை தருகிறோம், அதே ஆட்களே வந்து போட்டுத் தருவார்கள் என்று பதில் வந்தது. மறுத்துவிட்டேன். போடாத பாலித்தீனுக்கு வாங்கிய பணத்தைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.