லுவார் பக்கம் "யாரும் அறியாத கோட்டைகள்" டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரான்ஸில் லுவார் பள்ளத்தாக்குக்குப் போகிற யோசனையில் இருக்கிறீர்களா? "கூட்டம் இல்லாத கோட்டைகள், யாரும் அறியாத தோட்டங்கள்" என்று விளம்பரம் செய்யும் ஒரு நாள் மினிபஸ் டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான், மனைவி, அத்தை மூன்று பேரும் ஆளுக்கு 145 யூரோ கட்டிப் போனோம். காசே கொடுக்காமல் எவரும் பார்க்கக்கூடிய இடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

ஷாம்போர், ஷெனோன்சோ மாதிரிப் பெரிய இடங்களில் இந்த வித்தை பலிக்காது. எப்போது திறப்பார்கள், டிக்கெட் எவ்வளவு, உள்ளே என்ன இருக்கிறது என்று போகிறவர்களே விசாரித்து வைத்திருப்பார்கள். சின்னக் கோட்டைகள் அப்படியில்லை. பல இன்னும் தனியார் சொத்து. சிலவற்றில் குடும்பமே உள்ளே குடியிருக்கிறது. மாதத்துக்கு மாதம் நேரம் மாறும், மதியச் சாப்பாட்டு வேளையில் மூடிவிடுவார்கள், குளிர்காலம் வந்தால் பல இடங்களில் வசந்தம் வரை பூட்டுதான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

எங்கள் பட்டியலில் இருந்தவை ஒரு தனியார் மாளிகையின் காய்கறித் தோட்டம், ஷெதிஞி ரோஜாத் தோட்டம், மோன்ரெஸோர் கோட்டை, லோஷ் கோட்டை. "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஷெதிஞிக்கு மட்டும் ஆளுக்கு 8 யூரோ தனியாக, அதுவும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

தூர் நகர ரயில் நிலையத்துக்கு எதிரே ஏற்றிக்கொண்டார்கள். முதலில் போனது பட்டியலிலேயே இல்லாத இடத்துக்கு: வூவ்ரே பக்கம் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த ஒயின் நிலவறை. "அஞ்சு நிமிஷம்" என்றார் ஓட்டுநர். நாலு வகை ஒயினை ஊற்றி, அட்டைப்பெட்டி விலைப்பட்டியலை நீட்டி, ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். ஒயினைத் தொடாத அத்தை ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து குளிரில் நடுங்கினார். அதற்குள் வெயில் எவ்வளவு அடித்தாலும் 12 டிகிரிதான் இருக்கும் போல.

அடுத்து அந்தத் தனியார் மாளிகை. கேட் பூட்டியிருந்தது. திறக்கும் நாட்கள் கேட்டிலேயே பலகையில் எழுதியிருந்தன. அன்றைய கிழமை அதில் இல்லை. "எதிர்பாராமல் மூடிவிட்டார்கள்" என்று ஓட்டுநர் வருத்தப்பட்டுக்காட்டினார். பலகையில் பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது, அது நேற்று எழுதினது இல்லை. மாளிகைக்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதால் அந்தப் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

ஷெதிஞிக்கு வந்ததும் வண்டியிலேயே ஆளுக்கு 8 யூரோ வசூல். டிக்கெட் எங்கே என்றால் "குரூப் டிக்கெட், என்னிடம் இருக்கிறது" என்றார். இறங்கினால் நுழைவாயில் இல்லை, கவுன்டர் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. ஷெதிஞி ஒரு கிராமம். ஊர்த் தெருக்களின் இரு பக்கமும் வீட்டுச் சுவர் ஓரமாக ரோஜாச் செடிகளை நட்டு, ஊரையே தோட்டமாக்கியிருக்கிறார்கள். பிரான்ஸின் கலாச்சார அமைச்சகம் சிறந்த தோட்டங்களுக்குத் தரும் முத்திரை 2013இல் இந்த ஊருக்குக் கிடைத்தது. நாங்கள் போனது ஜூலைக் கடைசி, ரோஜா உச்சத்தில் பூப்பது மே கடைசியிலும் ஜூனிலும். இருந்தாலும் சுவரில் படர்ந்த கொடிகளும் லாவெண்டரும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தன. வீட்டு வாசலில் பூவாளியோடு நின்ற ஒரு பாட்டியிடம் டிக்கெட் பற்றி என் மனைவி தன் அரைகுறை பிரெஞ்சில் கேட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே, ரோஜாத் திருவிழா நாட்களை விட்டால் தெருவில் நடக்க யாரும் காசு வாங்குவதில்லை என்றார். "தெருவைப் பார்க்கவா மாப்பிள்ளை டிக்கெட்?" என்றார் அத்தை. ஓட்டுநரிடம் போய்க் கேட்டால் "பார்க்கிங், பராமரிப்பு" என்று வேறு கணக்கு சொன்னார்.

மோன்ரெஸோரில்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. அந்த்ருவா ஆற்றின் கரையில் இறக்கிவிட்டு, "இங்கிருந்துதான் கோட்டை அழகாகத் தெரியும், கால் மணி நேரம் போட்டோ எடுங்கள்" என்றார். அழகாகத் தெரிவது உண்மைதான். ஆனால் கோட்டையின் சிறப்பெல்லாம் உள்ளே. 1849இல் சேவியர் பிரானிட்ஸ்கி என்ற போலந்துப் பிரபு இதை வாங்கினார், இன்றும் அவர் வழி வந்தவர்களிடம்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அவர் போட்டு வைத்த சாமான்கள், வேட்டையாடிய விலங்குகளின் கொம்புகள், போலந்து மன்னர்களின் பொன் வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் அந்த அறைகளில் இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் இந்த டூரையே தேர்ந்தெடுத்தேன். உள்ளே போகலாமா என்றதற்கு, "நிகழ்ச்சி நிரலில் மோன்ரெஸோர் என்றுதான் இருக்கிறது, உள்ளே என்று எங்கே இருக்கிறது?" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

லோஷில் கோட்டைக்குக் கடைசி நுழைவு நேரம் தாண்டிவிட்டது. செந்த்-ஊர்ஸ் தேவாலயத்துக்குள் விட்டார். ஏழாம் சார்லஸ் மன்னரின் காதலி ஆக்னஸ் சொரேலின் கல்லறை அங்கே இருக்கிறது, 1450இல் இறந்தவர். வெள்ளைக் கல்லில் படுத்திருக்கும் உருவம், காலடியில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். எலும்புகளைச் சோதித்ததில் பாதரசம் ஏராளமாக இருந்ததாம். அருமையான இடம், மறுப்பே இல்லை. ஆனால் தேவாலயத்துக்கும் கட்டணம் கிடையாது.

ஆக மொத்தம் ஒரு ஆற்றங்கரை, ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பூட்டின கேட். நாள் முழுக்க எங்களுக்காக அவர் ஒரு டிக்கெட்கூட வாங்கவில்லை.

அப்புறம் நாங்களே தூரிலிருந்து ரயில் ஏறி லோஷ் போனோம். 11ஆம் நூற்றாண்டில் ஃபுல்க் நெர்ரா என்ற பிரபு கட்டிய, 36 மீட்டர் உயர கல் கோபுரத்தில் ஏறினோம். டூருக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் செலவு.

இப்படி ஒரு டூர் கண்ணில் பட்டால், எந்தெந்த இடத்தில் உள்ளே போவார்கள், எத்தனை நிமிடம் இருப்பார்கள் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப் பேச்சு செல்லாது. அந்தத் தேதியில் கோட்டை திறந்திருக்கிறதா என்று கோட்டையின் சொந்தத் தளத்தில் பாருங்கள். மாதவாரியாகப் போட்டிருப்பார்கள், கடைசி நுழைவு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பதிவு பெற்ற பிரெஞ்சுப் பயண நிறுவனங்களுக்கு ஐஎம் என்று தொடங்கும் எண் உண்டு, பிரெஞ்சு அரசின் சுற்றுலா அமைப்பான அட்டூ பிரான்ஸின் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். வழிகாட்டி என்று சொல்லிக்கொள்பவரிடம் அதற்கான தொழில் அட்டை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் ஓட்டுநர் வழிநெடுக போனைப் பார்த்துத்தான் வரலாறு வாசித்தார். வழியில் ரொக்கம் கேட்டால் ரசீது கையில் வந்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

பிரெஞ்சு அரசின் நுகர்வோர் பிரிவு நடத்தும் சிக்னல்கான்சோ தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பூட்டின கேட்டின் பலகை, எடுத்த நேரத்தோடு எல்லாப் புகைப்படங்களும் இணைப்பில் இருக்கின்றன. நிறுவனத்திடமிருந்து இதுவரை வந்திருப்பது ஒரே ஒரு பதில்: அடுத்த டூரில் 20 சதவீதம் தள்ளுபடியாம்.